ஓடும் நேரம்

குன்னூர் அரசு ஆஸ்பத்திரி டயாலிசிஸ் அறையில்
படம் எப்படி என்று யாரும் முதலில் கேட்பதில்லை.
எவ்வளவு நேரம் ஓடும் என்றுதான் கேட்போம்.
இரண்டு மணி பத்து நிமிடம் என்றால்
மிச்சம் ஒன்று ஐம்பதை என்ன செய்வது?
பாட்டை ஓட்டிவிட்டுப் பார்க்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள்.
எங்களுக்குப் பாட்டும் வேண்டும்,
கடைசியில் லைட்மேன் பெயர் ஏறுவதும் வேண்டும்.

சந்தா, இரண்டாம் கட்டில் போஜனுடையது.
பெங்களூரில் மகன் கட்டுகிறான்.
டேப்லெட்டை குளுக்கோஸ் ஸ்டாண்டில்
துணி கிளிப் போட்டு மாட்டுவது டெக்னீஷியன் ஷெரின்.
மூன்றில் யோகராணி,
கோத்தகிரிப் பக்கத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்.
நான் நாலு. டாக்சி ஓட்டியவன்.

போன மாதம் ஓர் உளவாளிப் படம்.
சிம்லா என்று கொட்டை எழுத்தில் போட்டான்.
சிம்லாவாவது! அது கேத்தி வளைவு.
அந்தப் பாலத்தில் எனக்கு இரண்டு முறை டயர் வெடித்திருக்கிறது.
நாயகன் சுட்டுக்கொண்டே ஓடிய தோட்டத்தில்
காரட் கழுவும் மெஷின் ஓரமாகத் தெரிந்தது.
மூடுபனி மட்டும் புகை மெஷினில் வந்தது,
ஒரே உயரத்தில், சொன்ன பேச்சு கேட்டு.
எங்கள் பனி அப்படி நிற்காது.
ஆளைத் தாண்டிப் போய்
எதையோ மறந்த மாதிரி திரும்பி வரும்.

மகளைத் தேடும் தகப்பன் படம் நல்ல படம்.
ஒரே வீடு, ஒரே ராத்திரி, பாதிக்கு மேல் வசனமே இல்லை.
கிணற்று மூடியை அவன் நகர்த்தும் இடத்தில்
என் பிரஷர் நூற்றெழுபத்தெட்டு.
ஷெரின் நிறுத்திவிட்டாள்.
மூடிக்கடியில் என்ன என்று நாலு வாரமாகக் கேட்கிறேன்.
அவள் வீட்டில் பார்த்து முடித்துவிட்டாள்.
சொன்னால் ஏறுமாம்.
சொல்லாவிட்டாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

விருது வாங்கிய படத்தில்
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி அழுதார்கள்.
"இம்புட்டு அழுதா வெயிட்டு எவ்வளவு குறையும்?"
என்றாள் யோகராணி,
நாளுக்கு எழுநூறு மில்லி அளந்து குடிப்பவள்.

பிறகு அந்தக் கண்றாவி.
படித்தவர்கள் எல்லோரும் ஒன்றரை மார்க் போட்டது.
குசு, ஏப்பம், மாமியார் மேல் விழுவது,
நாய் கவ்விய ஜட்டி.
முக்கால் மணி நேரம் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தேன்,
ஒரு கண் மட்டும் கேட்கவில்லை.

அப்புறம் பஸ் காட்சி.
நாயகனுக்கு அவசரம். கொண்டை ஊசி வளைவுகள்.
டிரைவர் நிறுத்த மாட்டேன் என்கிறான்.
பதினோரு நிமிடம்:
காலைப் பின்னுகிறான், கம்பியைக் கடிக்கிறான்,
பக்கத்து ஸீட்டுக் குழந்தை
தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்து விளையாடுகிறது.
கடைசியில் குதித்து ஓடி
ஒரு சுவரைப் பார்த்து நின்று

வயலின். புல்லாங்குழல். வானவில்.

அறையில் யாரும் பேசவில்லை.
எனக்கு இரண்டரை வருடம் ஆகிறது.
யோகராணிக்கு நாலு.
முதல் கட்டில் ஜலாலுதீன் கணக்கை விட்டுவிட்டவர்.
பம்புகள் மட்டும் உருண்டுகொண்டிருந்தன.

போஜன் சொன்னார்:
"கொடுத்து வச்சவன்."

முதலில் ஜலாலுதீன் போர்வை குலுங்கியது.
யோகராணி கையை ஆட்டிவிட்டாள், அலாரம்.
பிறகு என்னுடையது.
நாலு மெஷினும் சிவப்பாகக் கத்த
ஷெரின் ஓடிவந்து திட்ட வாயைத் திறந்து
திரையைப் பார்த்து, எங்களைப் பார்த்து
சுவரோடு சாய்ந்துவிட்டாள்.
அந்தக் காட்சியை மூன்று முறை போடச் சொன்னோம்.
பெரிய படம் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை.

மத்தியானம் இரண்டு கிலோ முந்நூறு குறைந்து
பஞ்சுக் காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.
பனி இறங்கி
எதிரே ஒரு சுவரில் பாதிதான் தெரிந்தது:
இங்கே சிறுநீர் கழிக்காதீர்.
யோகராணி நின்று, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
"நம்மளச் சொல்லல" என்றாள்.
கோத்தகிரி பஸ் வந்தது.